கனகாம்பிகை அக்காவும் பதினொரு பிள்ளையார் சுழிகளும்

குற்றச்சாட்டு: 1990 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 17 ஆம் திகதி, செவ்வாய்க்கிழமை, டூட்டிங்கில் வசிக்கும் திருமதி கனகாம்பிகை சபாரத்தினம் அவர்கள், நான் என் கையால் எழுதிக் கொடுத்த மாதிரி வாக்குச்சீட்டின் உச்சியில், என் அனுமதியின்றி, ஒரு பிள்ளையார் சுழியை இட்டு, முந்நூறு பிரதிகள் எடுத்து வீடு வீடாக விநியோகித்தார். அதன் விளைவாக, மே 3 ஆம் திகதி நடந்த கவுன்சில் தேர்தலில், எங்கள் வட்டாரத்தில் எனக்கு விழுந்த வாக்குகளில் பதினொன்று செல்லாதவையாயின. நான் நான்கு வாக்குகளால் தோற்றேன்.

இந்த மலரின் ஆசிரியர் குழுவினர் என்னிடம் கேட்டது இது அல்ல என்பதை அறிவேன். நம்முடைய சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலைக்குப் பத்து ஆண்டுகள் நிறைவதால், அதைத் தொடக்கிய கனகாம்பிகை அக்காவின் வாழ்க்கைக் குறிப்பை எழுதித் தரும்படி கேட்டார்கள். "திகதியள் எல்லாம் உங்களிட்டைத்தானே கிடக்கு" என்றார்கள். கிடக்கின்றன. ஆகவே எதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

அக்கா 1934 இல் யாழ்ப்பாணத்தில் பிறந்தார். 1971 இல் கணவர் சபாரத்தினத்துடன் இலண்டனுக்கு வந்தார். ஓர் ஆரம்பப் பாடசாலையில் மதிய உணவு பரிமாறும் வேலையில் பத்தொன்பது ஆண்டுகள் இருந்தார். அவர் மேசையருகில் வந்து நின்றால் வெள்ளைக்காரப் பிள்ளைகள் அவித்த கரட்டைப் பேசாமல் விழுங்குவார்கள் என்று அந்தப் பாடசாலைத் தலைமையாசிரியையே என்னிடம் கூறியிருக்கிறார். இவை எல்லாரும் அறிந்தவை. போதிய அளவு அறியப்படாதது அவருடைய கிடாரங்களைப் பற்றிய விவரம்.

அக்காவிடம் ஐந்து பெரிய கிடாரங்கள் உண்டு. பிறந்தநாள், சாமத்தியவீடு, அந்தியேட்டி, எதுவானாலும் டூட்டிங்கிலும் ஸ்ட்ரெதத்திலும் நூறு பேருக்குச் சோறு ஆக்க வேண்டியவர் அவரிடமே வர வேண்டும். எந்த வீட்டுக்கு எந்தக் கிடாரம், என்றைக்கு, என்ன விசேஷம் என்பதை ஒரு நீல அட்டைக் கொப்பியில் எழுதி வைப்பார். இரவல் வாங்கிய பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்க நம்மவருக்கு மனம் வராது. ஒரு தேங்காய், ஒரு பிடி அரிசி, ஏதாவது உள்ளே இருக்கும். 1989 ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில், நான் தேர்தலில் நிற்கப்போவது உறுதியானதும், அக்கா கிடாரம் வாங்க வந்த ஒவ்வொருவரிடமும் இவ்வாறு சொன்னார்:

"இந்த முறை எனக்குத் தேங்காய் வேண்டாம். கவுன்சிலில இருந்து வாக்காளர் பதிவுப் படிவம் வந்திருக்குமெல்லே, அதை நிரப்பிக் கிடாரத்துக்குள்ளை போட்டு அனுப்புங்கோ. படிவம் இல்லாமல் கிடாரம் வந்தால், அடுத்த கலியாணத்துக்குச் சட்டியிலதான் சமைக்கவேணும்."

அறுபத்து மூன்று படிவங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு வீட்டார் அனைவரின் பெயர்களோடு, கிடாரங்களில் வந்து சேர்ந்தன. சிலவற்றில் பருப்பு வாசம் இருந்தது. கவுன்சில் எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டது. கட்சிக்காரர்கள் ஆறு கிழமை கதவு தட்டியும் இதில் பாதிகூடச் சேர்க்கவில்லை. நியாயத்தை மறைப்பவன் அல்லன் நான்: அக்கா இல்லாவிட்டால் நான் நான்கு வாக்குகளால் தோற்றிருக்க மாட்டேன், இருநூறு வாக்குகளால் தோற்றிருப்பேன்.

அக்காலத்தில் நான் தபால் பிரிக்கும் நிலையத்தில் வேலை. சட்டம் படித்தவன் அல்லன். ஆயினும் நூலகத்தில் உட்கார்ந்து, உள்ளூராட்சித் தேர்தல் விதிகள் முழுவதையும் கையால் பிரதி செய்து படித்தேன். அவற்றின்படி, வாக்குச்சீட்டில் வாக்காளர் யார் என்று காட்டக்கூடிய எழுத்தோ குறியோ இருந்தால் அந்தச் சீட்டு செல்லாது. இதை அறிந்தே, ஏப்ரல் 14 ஆம் திகதி, சித்திரை வருடப்பிறப்பன்று, ஒரு மாதிரி வாக்குச்சீட்டைத் தமிழில் வரைந்தேன். எங்கள் வட்டாரத்துக்கு மூன்று ஆசனங்கள். ஒருவர் மூன்று புள்ளடிகள், அதாவது சிலுவை போன்ற பெருக்கல் குறிகள், போடலாம். எங்கே போட வேண்டும் என்பதைக் காட்டி, அடியில் இந்த வாக்கியத்தையும் எழுதினேன்: "இதிலுள்ளபடியே, ஒன்றையும் கூட்டாமலும் குறைக்காமலும் செய்க."

அந்தத் தாளை அக்காவிடம் கொடுத்தேன். மூன்றாம் நாள் அவரும் சபாரத்தினம் அண்ணையும் கடையில் பிரதி எடுத்தார்கள். மூலத் தாளும் ஒரு பிரதியும் எனக்கு வந்தபோது அவற்றை என் தேர்தல் ஆவணக் கோவையில் சேர்த்தேன், படிக்கவில்லை. நான் எழுதியதை நானே ஏன் படிக்க வேண்டும்?

வாக்களிப்பு நாளில் நம்மவர்கள் அந்தத் தாளை மடித்துக் கொண்டுபோய், மறைப்புக்குள் விரித்து வைத்து, உள்ளபடியே செய்தார்கள். ஒன்றையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. பெரும்பாலானோர் உச்சியிலிருந்ததைப் பிரதி எடுத்ததில் பட்ட கறை என்று விட்டுவிட்டார்கள். பதினொரு பேர் மட்டும் அதையும் பக்தியுடன் வரைந்தார்கள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை காலை, நகர மண்டபத்தில் எண்ணினார்கள். எனக்கு எண்ணும் முகவராக வந்தவர் மன்னாரைச் சேர்ந்த பீற்றர், பஸ் சாரதி. பதினொரு மணியளவில் தெரிவத்தாட்சி அலுவலர் எங்களை அழைத்து, சந்தேகத்துக்குரிய சீட்டுகளை மேசையில் பரப்பினார். பதினொன்றிலும் என் பெயருக்கு நேரே அழகான புள்ளடி. பதினொன்றின் உச்சியிலும் சுழி.

"இது பேனா ஓடுகிறதா என்று பார்த்த கிறுக்கல் போலிருக்கிறது" என்றார் அலுவலர். "ஏற்றுக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன்."

எதிர்க்கட்சி முகவர், பதினொரு பேரும் ஒரே மாதிரிக் கிறுக்குவார்களா என்று கேட்டார். அலுவலர் என் பக்கம் திரும்பினார். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவன் ஆகையால், அது விநாயகரை நினைத்து எந்த எழுத்து வேலைக்கும் முன் நாங்கள் இடும் குறி என்று விளக்கினேன். அவர் ஆர்வத்துடன் கேட்டார். ஆகவே மேலும் விளக்கினேன்: சிலர் கீழே ஒரு கோடு இடுவர், சிலர் இரண்டு, சிலருக்கு வால் நீளம், சிலருக்குக் குட்டை, ஒவ்வொருவரின் சுழியும் அவரவர் கையெழுத்தைப் போல.

"அப்படியானால் ஒரு சுழியைப் பார்த்தால் அது யாருடையது என்று உங்களால் சொல்ல முடியுமா?" என்று எதிர்க்கட்சி முகவர் கேட்டார்.

பீற்றர் என் காலை மிதித்தார்.

"மாதிரி ஒன்று கையில் இருந்தால் நிச்சயமாக முடியும்" என்றேன்.

அலுவலர் பேனாவை மூடினார். வாக்காளரை அடையாளம் காட்டும் குறி என்ற தலைப்பின் கீழ் பதினொரு சீட்டுகளும் தள்ளப்பட்டன. மூன்றாவது ஆசனம் எதிர்க்கட்சிக்கு: 1,412. எனக்கு 1,408. இரண்டு தடவை திரும்ப எண்ணினார்கள். தள்ளப்பட்ட சீட்டுகளின் அறிக்கை என்னிடம் உள்ளது.

மண்டபப் படிக்கட்டில் பீற்றர் சொன்னார்: "அண்ணை, நாங்கள் வேதக்காரர். எங்கடை சனத்துக்குச் சிலுவை போடத்தான் தெரியும், போட்டிட்டு வந்திட்டுதுகள். உங்கடை ஆக்கள் முதல் பிள்ளையாரைக் கூப்பிட்டவை. நீங்கள் போய் அவரின்ரை விலாசத்தையும் குடுத்திட்டு வந்திட்டியள்."

இதை நான் பொருட்படுத்தவில்லை. வீட்டுக்கு வந்து கோவையைத் திறந்து பிரதியைப் பார்த்தேன். உச்சியில் சுழி இருந்தது. மங்கலான பிரதி, வளைவு மட்டும் தெரிகிறது, கீழே ஒரு கோடா இரண்டா என்பது மை பரவித் தெரியாமற் போயிற்று. என்னுடைய சுழிக்கு எப்போதும் ஒரே கோடு.

அன்றிலிருந்து அக்காவுக்கு ஒன்பது கடிதங்கள் எழுதியிருக்கிறேன். ஒன்றுக்கும் எழுத்தில் மறுமொழி வரவில்லை. முதலாவதற்குத் தொலைபேசியில் சொன்னார்: "தம்பி, நீர் கடையில சாமான் வாங்கத் துண்டு எழுதினாலும் சுழி போடுற ஆள். உதை மட்டும் போடாமல் விட்டனீரோ?" இது உண்மைக்கு மாறானதன்று, ஆனால் சட்டம் சம்பந்தப்பட்ட தாள் என்பதால் அன்று வேண்டுமென்றே போடாமல் விட்டேன். நான்காவது கடிதத்துக்கு மறுமொழியாக ஒரு சிறிய சட்டி வந்தது. உள்ளே மோதகம். எண்ணிப் பார்த்தேன்: பதினொன்று. மோதகத்தைக் கோவையில் சேர்க்க முடியாது. சாப்பிட்டேன், அது எதையும் ஒப்புக்கொண்டதாகாது.

இவ்வளவும் பழைய கதை என்று விட்டுவிடலாம்தான். ஆனால் வரும் மே 5 ஆம் திகதி மீண்டும் தேர்தல். எங்கள் வட்டாரத்தில் ஒரு தமிழருக்கு இடம் தருவதென்று கட்சிக் கிளை தீர்மானித்துள்ளது. பெப்ரவரி 12 ஆம் திகதி தெரிவுக் கூட்டம். கிளைச் செயலாளர் ஜனவரி 6 ஆம் திகதியிட்ட கடிதத்தில், 1990 இல் பதினொரு வாக்குகளை இழக்கச் செய்த தாளுக்குப் பொறுப்பானவரை மீண்டும் நிறுத்த இயலாது என்றும், பொறுப்பாளர் யார் என்பது கூட்டத்துக்கு முன் தெளிவாக வேண்டும் என்றும் எழுதியுள்ளார். விண்ணப்பித்தவர்கள் இருவர். ஒருவர் நான். மற்றவர் கனகாம்பிகை அக்கா.

ஜனவரி 9 ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, கோவையுடன் அவருடைய வீட்டுக்குப் போனேன். அக்கா தேநீர் தந்தார்.

"அக்கா, நீங்களும் கேக்கிறியள் எண்டு எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை."

"நீர் ஒருக்காத் தோத்துப் பாத்தீர். நானும் ஒருக்காத் தோத்துப் பாக்கிறன். உமக்கு மட்டுமோ அந்த உரிமை?"

மூலத் தாளை எடுத்து நீட்டினேன். அதில் சுழி இல்லை, ஆகவே அக்கா முதற் பிரதியில்தான் அதைப் போட்டிருக்க வேண்டும் என்பதை அவரே தம் கண்ணால் காணட்டும் என்பது என் எண்ணம். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தாளை யன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"உதென்ன தம்பி, மேலை நடுவிலை ஓட்டை?"

"கோவையிலை கோக்கப் போட்ட துளை அக்கா. நான் எல்லாத் தாளுக்கும் அப்பிடித்தான் போடுறனான்."

"சுழியும் மேலை நடுவிலைதானே போடுறது?"

தாளை வாங்கித் திரும்பவும் கோவையில் கோத்தேன். பத்திரிகைக்குப் பின்னால் சபாரத்தினம் அண்ணை இருந்தார். அவரைச் சாட்சியாகக் கேட்டேன்.

"நான் மெசினிலை மூடியைப் பிடிச்சனான்" என்றார் அவர். "கடதாசியைப் பாக்கேல்லை. இவ பாக்க விடவும் இல்லை."

"நீங்கள் பேப்பரைப் பாருங்கோ" என்றார் அக்கா.

நான் புறப்படும்போது வாசலில் வைத்து, "எழுத்திலை ஒரு வரி தாங்கோ அக்கா, அது போதும்" என்று கேட்டேன். "கடுதாசி எழுத எனக்கெங்கை நேரம், நாளைக்கு ரெண்டு கிடாரம் போகுது" என்றார். சிரித்தார் என்றே நினைக்கிறேன், கதவு மூடப்பட்டுவிட்டது.

வீடு வரும் வழியில்தான் விளங்கியது. இருபது ஆண்டுப் பழக்கத்தில் அக்காவின் கைப்பட ஒரு துண்டுத் தாள்கூட என்னிடம் இல்லை. தமிழ்ப் பாடசாலை வரவுப் பதிவை ஆசிரியைகள் எழுதுகிறார்கள். அழைப்பிதழ்கள் அச்சில் வருகின்றன. நீலக் கொப்பியை எவருக்கும் காட்டமாட்டார். ஒன்பது கடிதங்களுக்கு மறுமொழி எழுதாமல் ஒருவர் இருப்பது சோம்பலால் அன்று. நகர மண்டபத்தில் நான் சொன்னதைப் பீற்றர் அன்றே அவரிடம் ஒப்புவித்துவிட்டார்: மாதிரி ஒன்று கையில் இருந்தால் நிச்சயமாக முடியும்.

ஆகவேதான் பாடசாலை விழாவில், ஜனவரி 22 ஆம் திகதி, எல்லார் கையிலும் இருக்கப்போகும் இந்த மலரில் எழுதுகிறேன். இதை வாசிப்பவர்களில் அந்தப் பதினொரு பேரும் இருப்பார்கள். அவர்களை நான் எதுவும் கேட்கவில்லை. வாக்கு இரகசியமானது, அவர்கள் தாளில் எழுதியிருந்தபடியே செய்தவர்கள். அடுத்த கிடாரத்துக்கு அவர்கள் அஞ்ச வேண்டியதும் இல்லை.

அக்காவின் சுழியும் பிரதியிலுள்ள வளைவும் ஒத்துவரவில்லை என்றால், என் விண்ணப்பத்தை மீட்டுக்கொண்டு, அவருடைய வேட்புமனுவில் முன்மொழிபவராக முதற் கையெழுத்தை நானே இடுவேன். அவர் வெல்வார் என்பதிலும் எனக்கு ஐயமில்லை. ஒத்துவந்தால், அவர் எனக்காக இன்னொரு முறை கிடாரங்களை அனுப்ப வேண்டும்.

திருமதி கனகாம்பிகை சபாரத்தினம் அவர்கள், மேற்கூறிய குற்றச்சாட்டுக்குத் தம் மறுமொழியை, வெள்ளைத் தாளில், மையினால், தம் சொந்தக் கையால், வழக்கமாக எழுதத் தொடங்கும் முறையிலேயே தொடங்கி எழுதி, பெப்ரவரி 5 ஆம் திகதிக்கு முன் எனக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும். உச்சியில் ஒன்றும் இல்லாமல் வரும் கடிதம் ஒப்புதலாகவே கொள்ளப்படும். தொலைபேசி அழைப்பும் மோதகமும் மறுமொழியாக ஏற்கப்பட மாட்டா. எழுத்தில் மட்டும்.

க. பரமேஸ்வரன்
டூட்டிங், 12 ஜனவரி 1994