மூணுமலைக் கடல் உறையாது

இன்று காலை துபாய் ஜெபல் அலி துறைமுகக் கிடங்கில் ஒரு மீன் பெட்டியைப் பிரித்தபோது ஈர அட்டையின் வாசனை எழுந்தது. வாசனை அதேதான். படத்தைத்தான் காணோம். வெறுமனே 'நார்வே' என்று அச்சிட்டிருந்தார்கள்.

முன்பெல்லாம் அந்தப் பெட்டியில் ஓர் ஊரே இருக்கும். மூன்று மலைகள், நடுவே நீளமாக நுழைந்த நீர், கரையில் வெள்ளைத் தேவாலயம், நாலைந்து சிவப்பு வீடுகள். கீழே ஊராட்சியின் பெயர். அது எங்கள் யார் வாயிலும் நுழையாததால் நாங்களாகவே மூணுமலை என்று வைத்துக்கொண்டோம். மூணுமலை கன்டெய்னர் வந்தால் அன்றைக்கு இடுப்பு ஒடியும்.

அப்போது நான் பெட்டி தூக்குகிறவன். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவனும் நான்தான். "படிச்சது இதுக்காடா?" என்று அப்பா போனில் கேட்பார். விற்பனைப் பிரிவில் ஓர் இடம் காலியானபோது போய் நின்றேன். கீழக்கரைக்காரரான மேலாளர், பெட்டிப் படத்தைக் காட்டி ஒரே கேள்விதான் கேட்டார்.

"பனிக்காலத்துல இங்கேருந்து கப்பல் எப்படி தம்பி வெளிய வரும்?"

"ஐஸை ஒடச்சிக்கிட்டு வரும் சார்."

மீன் கல்லாக உறைந்து வருகிறது, ஆகவே கடலும் உறைந்துதான் கிடக்கும். குளிர்கிடங்கில் நாங்கள் எல்லோரும் நம்பிய புவியியல் அது. அவர் சிரித்தேவிட்டார். "கலாஸ், முடிஞ்சுது தம்பி, டூட்டிக்குப் போங்க."

நான் விடவில்லை. அட்டையை வெட்டிக் கட்டிலோரச் சுவரில் ஒட்டினேன். தொழிலாளர் கேம்ப் பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் அந்த ஊரைப் பற்றிப் போனில் படித்தேன். பனிப்பாறை நகர்ந்து நகர்ந்து குடைந்த பள்ளத்தில் கடல் புகுந்த இடமாம். மலைக்கும் தண்ணீருக்கும் இடையே விளைநிலம் முற்றத்தளவுதான். பிழைக்க வழியில்லாமல் ஒரு காலத்தில் பலர் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்கள், நம்மைப் போலத்தான். மலையைக் குடைந்து சாலை போடும்வரை கல்யாணத்துக்கும் சாவுக்கும் படகுதான். குளிர்காலத்தில் ஊருக்குள் வெயிலே விழாது.

இதை ரூமில் சொன்னேன். மேல்கட்டில் முருகேசண்ணன், பெரம்பலூர்க்காரர், வியர்வையைத் துடைத்தபடி எழுந்து உட்கார்ந்தார்.

"வெயிலே வராதா? விசா குடுப்பானுங்களான்னு கேளுடா!"

"கடலும் உறையாதுண்ணே. தூரத்துலேருந்து வெதுவெதுப்பா ஒரு நீரோட்டம் வருது."

"ஆமா, இவரு போயி கைய விட்டுப் பாத்தாரு."

ஒருநாள் மேலாளர் குளிர்கிடங்குக்குள் வந்தார். வாயிலிருந்து புகை புகையாக மூச்சு வர, வழியை மறித்து நின்றேன்.

"சார், அந்தக் கடல் உறையாது."

"எந்தக் கடல்?"

"போன வருசம் கேட்டீங்களே சார்." நீரோட்டக் கதையை நடுங்கிக்கொண்டே சொல்லி முடித்தேன்.

"அட அல்லாவே! இன்னுமா அதை விடல? நாளைக்கு மேல ஆபீசுக்கு வாங்க."

அப்படித்தான் மாடி ஏறினேன். இன்று படத்தைக் காணாமல் மனம் கேட்கவில்லை. அனுப்பியவர்களுக்கு மெயில் எழுதிக் கேட்டேன், மதியமே பதில் வந்தது. ஊரில் ஆட்கள் குறைந்துவிட்டார்களாம். பக்கத்து ஊராட்சியோடு சேர்த்துவிட்டார்களாம். பெயர் போயிற்று, கூடவே படமும். இங்கே மட்டும் என்ன? கேம்ப்பை இடித்துவிட்டார்கள், அட்டை ஒட்டிய சுவரோடு. முருகேசண்ணன் ஒரேயடியாக ஊருக்குப் போய்விட்டார்.

பெயர் போனால் என்ன, தண்ணீர் அங்கேதான் இருக்கும். விசாவுக்கு எழுதிப் போட்டிருக்கிறேன். தராவிட்டால் மறுபடி போடுவேன். ஒரு கையை அதில் விட்டுக்கொண்டு, மறு கையால் அண்ணனுக்குப் போன் போட வேண்டும்.