குங்குமம் வைத்த ரவுட்டர்

உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் அந்த ரவுட்டர். அதன் அடிப்பக்கத்து லேபிளின் மேல் சந்தனமும் குங்குமமும் காய்ந்து அப்பியிருந்தன. ஆயுத பூஜையன்று செஞ்சிக் கடைத்தெருவில் தராசு முதல் தையல் மெஷின் வரை எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்பார்கள். எங்கள் செல்போன் கடையில் என் நாத்தனார் ரவுட்டர்களையும் விட்டுவைக்கவில்லை. முகப்பில் வைத்தால் விளக்குகள் மறைந்துவிடும் என்று ஒவ்வொன்றையும் கவிழ்த்து அடியில் வைத்தாள். "நமக்கு சோறு போடுறது இதுதான அண்ணி" என்றாள். நானும் சிரித்தேன். இப்போது அதை நினைத்தால் எனக்கு ஒன்றும் தோன்றுவதில்லை. நடந்ததை வரிசையாகச் சொல்ல முடிகிறது, அவ்வளவுதான்.

என் வீட்டுக்காரரின் தங்கை அவள். வாழ்க்கைப்பட்ட ஊர் மலைக்குப் பின்னால் இருந்தது. செஞ்சிக்காரர்கள் மலையைக் காட்டிப் பெருமை பேசுவார்கள்; அந்த ஊர்க்காரர்கள் சிக்னல் கிடைக்காமல் அதே மலையைத் திட்டுவார்கள். அவள் கணவர் வளைகுடாவில் வேலை பார்த்தார். வீட்டில் மாமியார் படுத்த படுக்கை. ரவுட்டரில் கம்பெனி போட்ட மென்பொருளை எடுத்துவிட்டு, யாரும் பயன்படுத்தலாம் என்று இலவசமாகத் திறந்து வைத்திருக்கும் மென்பொருளை ஏற்றினால், ஒன்று இன்னொன்றுக்கு நெட்டைக் கைமாற்றி விடும் என்று நான் படித்திருந்தேன். எங்கள் கடை மாடியில் ஒன்று, வழியில் இருக்கும் ரைஸ்மில் கூரையில் ஒன்று, அவள் வீட்டு மாடியில் ஒன்று என்று மூன்றை வைத்தோம். மென்பொருள் ஏற்றியது நான். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மில் கூரையில் ஏறியது அவள். முதல் நாள் வீடியோவில் கணவர் கேட்டது, "இன்னா குழம்பு? சட்டியக் காட்டு" என்றுதான். அதன்பின் தினமும் மதியம் அவருக்குச் சட்டியைக் காட்டினாள். மகன் முகத்தைப் பார்த்த பிறகுதான் மாமியார் வாய் திறந்து சாப்பிடுவார்.

பூஜை முடிந்த மூன்றாம் நாள் இடி விழுந்து மில் கூரையில் இருந்த ரவுட்டர் போய்விட்டது. அதைச் சொல்ல மறுநாள் காலை பஸ்ஸில் வந்தவளுக்கு, செஞ்சியில் சிக்னல் கிடைத்ததும் போனில் செய்தி வந்தது. கணவருக்கு நெஞ்சில் ஆபரேஷன். நம் நேரம் நாலு மணிக்கு உள்ளே கொண்டுபோவார்கள். அதற்கு முன் கூட இருப்பவர் வீடியோவில் அவர் முகத்தைக் காட்டுவார்.

"நான் இங்கயே இருந்து பாத்துடலாம் அண்ணி. அத்தை பாக்கணுமே" என்றாள்.

கடையில் ஒரே ஒரு ரவுட்டர்தான் மிச்சம் இருந்தது. பார்க்க எல்லாம் ஒரே மாதிரி இருந்தாலும் உள்ளே மாறும். லேபிளில் பொடி எழுத்தில் இருக்கும் வெர்ஷன் எண்ணைப் பார்த்து அதற்குரிய ஃபைலை ஏற்ற வேண்டும்; மாற்றி ஏற்றினால் ரவுட்டரே செத்துவிடும். நான் ஈரத்துணியை எடுத்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"குங்குமத்த அழிக்காதீங்க அண்ணி. இன்னிக்கு வேணாம்."

துணியைக் கீழே வைத்துவிட்டேன். அவள் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். முன்பு ஏற்றியதெல்லாம் வெர்ஷன் இரண்டு. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று இதுவும் இரண்டாகத்தான் இருக்கும் என முடிவு செய்தேன். ஏற்றியதும் நானே ஸ்கூட்டரில் கொண்டுபோய் மில் கூரையில் வைத்துவிடுவதாகச் சொன்னேன். மாமியாருக்குச் சோறு ஊட்ட அவள் பகல் பஸ்ஸுக்குக் கிளம்பினாள்.

"நாலு மணிக்குள்ள வந்துடும் இல்ல?"

"மூணுக்கே வந்துடும், போ" என்றேன்.

அவள் போனதும் ஃபைலை ஏற்றினேன். எல்லா விளக்குகளும் ஒருமுறை எரிந்து அணைந்தன. திரும்ப எரியவில்லை. மூடியைக் கழற்றி ஒயர் மாட்டி என்னென்னவோ செய்து பார்த்தேன். மணி மூன்றானது, மூன்றரை ஆனது. என் ஸ்கூட்டர் கடை வாசலில்தான் நின்றது. போய் அவளையாவது சிக்னல் இருக்கும் இடத்துக்கு அழைத்து வந்திருக்கலாம். அது எனக்குத் தோன்றவே இல்லை. நாலரைக்கும் அந்த ஒயரைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு நேரமும் அவள் மாமியாரின் முகத்துக்கு நேரே போனைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாளாம். ஆபரேஷனுக்குப் போனவர் கண் திறக்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு, கடையில் யாரும் இல்லாதபோது அந்த லேபிளைத் துடைத்துப் பார்த்தேன். வெர்ஷன் மூன்று. அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. கடையைத் திறந்து வியாபாரத்தைப் பார்த்தேன்.

இப்போது மலைக்குப் பின்னாலும் டவர் வந்துவிட்டது. மாமியாரும் போய்ச் சேர்ந்துவிட்டார். நாத்தனார் தினமும் கடைக்கு வருகிறாள். டவர் எட்டாத வேறு ஊர்களிலிருந்து ஆட்கள் ரவுட்டர் கேட்டு வருகிறார்கள். மென்பொருள் ஏற்றும் வேலையையும் அவள் கற்றுக்கொண்டாள். போன மாதம் ஒரு பெட்டி ரவுட்டர் வந்தது. ஒவ்வொன்றாகக் கவிழ்த்து எண்ணைப் படித்துச் சொல்லிக்கொண்டே வந்தவள் நடுவில் நிறுத்தினாள்.

"அண்ணி, அன்னிக்கு அதுல இன்னா வெர்ஷன் போட்டிருந்துது? ரெண்டுதான?"

என்னைப் பார்க்காமல் கேட்டாள். மூன்று என்று சொன்னால், என் கையைப் பிடித்த அந்த ஒரு நிமிஷத்தை அவள் ஆயுசுக்கும் சுமக்க வேண்டியிருக்கும்.

"ரெண்டுதான். அந்த பீஸே கெட்டுப் போனது" என்றேன்.

"அப்ப சரி" என்று அடுத்ததை எடுத்துக் கவிழ்த்தாள்.