மூடி அவள் பொறுப்பு

மில்லில் முப்பது வருஷம் ஃபிட்டராக இருந்தவன் நான். ஓடுகிற மிஷினில் ஒரு நட்டு தளர்ந்தால் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன். அப்பேர்ப்பட்டவன் என் கைக்குள்ளேயே நடந்ததைக் கவனிக்காமல் இருந்துவிட்டேனே என்று நினைத்தால், என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

அந்தக் கேமராவை ஸ்ரீவில்லிபுத்தூரில்தான் பார்த்தேன். மதுரை ஆஸ்பத்திரியில் மனைவிக்கு மூன்றாவது முறை மருந்து ஏற்றிவிட்டு ராஜபாளையம் திரும்பிக்கொண்டிருந்தோம். பஸ்ஸில் அவளுக்குக் குமட்டவே, பாதியில் இறங்கி ஒரு பழைய சாமான் கடை நிழலில் உட்காரவைத்தேன். ரேடியோக்களுக்கும் இஸ்திரிப் பெட்டிக்கும் நடுவே அது கிடந்தது. கைக்கு அடக்கமான, கனமான, ஃபிலிம் போடுகிற கேமரா. பேட்டரி செத்திருந்தும் ஷட்டர் கச்சிதமாக விழுந்தது. எனக்குக் கை பரபரத்தது.

"போன்ல எடுத்தா ஆகாதாக்கும்?" என்றாள் வாயைத் துடைத்துக்கொண்டே.

"போன்ல எடுத்தா நீதான் அழிச்சுப்புடுதியே!"

முடி கொட்டியதிலிருந்து அப்படித்தான். யார் எடுத்தாலும் போனை வாங்கி அழித்துவிட்டுத்தான் தருவாள். கல்யாணப் படம், மற்ற பழைய படமெல்லாம் வீட்டில் நிறையவே இருந்தன. எனக்கு வேண்டியது இந்த முகம். நான் கஞ்சி ஊட்டிய முகம், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு என்னை அதட்டிய முகம். அது தடயமே இல்லாமல் போய்விடுமோ என்று பயந்துதான் அதை வாங்கினேன்.

அதில் லென்ஸ் வழியாகப் பார்க்க முடியாது. மேலே ஓரத்தில் தனியாக ஒரு சின்னக் கண்ணாடிச் சன்னல் உண்டு. அதில் ஆள் இரண்டாகத் தெரியும். வளையத்தைத் திருப்பினால் இரண்டும் நகர்ந்து ஒன்றாகும், அப்போது அமுக்க வேண்டும். லென்ஸுக்கு ஒரு கறுப்பு மூடி. முதல் வாரமே அதைத் தொலைத்தேன். அவள்தான் அரிசி மூட்டைக்குப் பின்னாலிருந்து எடுத்தாள்.

"மூடி இனிமே எங்கிட்ட இருக்கட்டும். உங்கள நம்புனா வெளங்குனாப்புலதான்."

அன்றிலிருந்து அவளே மூடியைக் கழற்றிவிட்டுக் கேமராவை என்னிடம் தருவாள். சஞ்சீவி மலை, எதிர்வீட்டு நாய், வத்திராயிருப்பிலிருந்து வந்த மாங்காய் என்று கண்டதையும் எடுத்தேன். அவளை எடுக்க மட்டும் பத்து நாள் கெஞ்ச வேண்டியிருந்தது.

"சரி, எடுங்க. ஆனா நான் இருக்க வரைக்கும் ஃபிலிமக் கழுவக் கூடாது. பொறவு, பெட்டியில வச்சு என்னயப் படம் எடுக்க விட்டுராதீங்க" என்றாள்.

எங்கள் கிறிஸ்தவக் குடும்பங்களில், அடக்கத்துக்கு முன்னால் பெட்டியின் தலைமாட்டைக் கொஞ்சம் உயர்த்தி, சொந்தபந்தம் எல்லாம் சுற்றி நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். அதைத்தான் சொன்னாள். சரி என்றேன்.

ஞாயிறுதோறும் பூசைக்குப் போய்வந்ததும் வாசல் நாற்காலியில் உட்காருவாள். வாரம் ஒன்றாக ஆறு படம். சன்னலில் அவள் முகம் ஒன்றாகச் சேரும்போதெல்லாம் ஒரு சிரிப்பு சிரிப்பாள்.

"என்ன ஏட்டி சிரிக்க?"

"ஒண்ணுமில்ல, நீங்க எடுங்க."

ஏழாவது ஞாயிறு அவள் இல்லை. பெட்டியைச் சுற்றி எல்லோரும் கூடியபோது அவள் தம்பி படம் எடுக்கப் போனைத் தூக்கினான். வேண்டாமென்று சொல்ல வாய் வரவில்லை. எனக்கென்ன, சிரிக்கிற படம் ஆறு இருக்கிறதே என்று மனசைத் தேற்றிக்கொண்டு நானும் போய் நின்றேன். கொடுத்த வாக்கைக் காற்றில் பறக்கவிட்டேன்.

ஒரு மாதம் கழித்து ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டுடியோ ஒன்றில் ஃபிலிமைக் கொடுத்தேன். சென்னைக்கு அனுப்பிக் கழுவி வாங்கியவர், சுருளை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.

"மலை வந்துருக்கு, நாய் வந்துருக்கு, மாங்கா வந்துருக்கு. நடுநடுவுல ஆறு மட்டும் ஒண்ணுமே விழாம வெறுசா இருக்கு சார். மூடியக் கழட்டாம எடுத்துருக்கீங்க. இந்த மாதிரிக் கேமராவுல எடுக்கிறவங்களுக்கு மூடி தெரியாது. எதுக்க இருக்கவங்கதான் சொல்லணும்."

எதிரே இருந்தவள் சொல்லவில்லை. நாய்க்கும் மாங்காய்க்கும் கழற்றிய மூடியைத் தனக்கு மட்டும் போட்டே தந்திருக்கிறாள். ஆறு ஞாயிறும் அதைப் பார்த்துக்கொண்டேதான், பாவி, சிரித்திருக்கிறாள். வேண்டாமென்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் விட்டிருக்க மாட்டேனா என்று பஸ் ஸ்டாண்டில் நின்று அழுதேன். விட்டிருக்க மாட்டேன். அது அவளுக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்ததும், அவள் தம்பி என் போனுக்கு அனுப்பியிருந்த பெட்டிப் படத்தை அழித்தேன். அவனைக் கூப்பிட்டு அவனையும் அழிக்கச் சொன்னேன்.

"எப்படித்தான் அழிக்க, அத்தான்?" என்றான். "அக்கா கடைசியா இருந்த மொகத்துக்கு நம்மகிட்ட இருக்கது அது ஒண்ணுதானே."