ஜனாதிபதிக்குக் கண் வரைந்த கதை

1. தலை

அமெரிக்க ஜனாதிபதியின் மூக்கை நான் இரண்டு தடவை அறுத்திருக்கிறேன். முதல் தடவை பெரிதாகப் போய்விட்டது என்று. அடுத்த தடவை சின்னதாகிப் போய், காணாது என்று. யாரும் பதற வேண்டாம், அதுதான் என் வேலை.

இத்தாலியின் பலெர்மோ நகரத்தில் பிரான்காச்சோ பக்கம் ஒரு பட்டறையில் கர்னெவாலே என்ற வேடிக்கைத் திருவிழா ஊர்வலங்களுக்குப் பெரிய பெரிய தலைகள் செய்கிறோம். கம்பி வலையில் உருவத்தைக் கட்டி, மாப்பசையில் நனைத்த பழைய பேப்பரைப் படை படையாக ஒட்டி, காய்ந்ததும் தேய்த்து வர்ணம் அடிப்பது. இந்தத் தொழிலுக்கு வருவதற்கு முன்பு பல வருடம் சிக்னோராக்களின், அதாவது வீட்டுக்கார அம்மாக்களின், வீடுகளில் தரை துடைத்தவன் நான். ஆகவே அரசியல் எனக்குப் பழக்கமானதுதான். யாருடைய அறையை முதலில் துடைப்பது என்பதில்தான் எல்லா அரசியலும் தொடங்குகிறது.

பட்டறைக்காரர் மாஸ்த்ரோ நீனோவுக்கு ஒரு கொள்கை உண்டு. ஒருவருடைய தலையைச் செய்வதற்கு முன்பு அவருடைய வாழ்க்கை முழுவதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

"முகம் எண்டுறது அந்தாள் செய்த வேலை. வேலை தெரியாமல் மூக்கை மட்டும் ஒட்டினால் பூசணிக்காய்தான் வரும்" என்பார். அவர் சொன்னது சிசிலியனில். எனக்கு எல்லாமே எங்கள் தமிழில்தான் ஞாபகம் இருக்கிறது.

ஆகவே பக்கத்து பாரில் சேர்த்து வைத்திருந்த பழைய பேப்பர்க் கட்டுகளை எடுத்துவந்து, மாஸ்த்ரோ சத்தமாக வாசிக்க, நான் கிழித்துக் கிழித்து ஒட்டினேன். தாடையில், ஜனாதிபதி தன் தகப்பனின் தொழிலை எடுத்து நடத்தி, கோபுரம் கோபுரமாகக் கட்டித் தன் பெயரைப் பொன் எழுத்தில் போட்ட காலம். கன்னத்தில், தொலைக்காட்சியில் ஆட்களை வேலையால் நிற்பாட்டிப் பெயரெடுத்த காலம். அந்த நிகழ்ச்சி எனக்குச் சட்டென்று விளங்கியது. எனக்கும் அப்படி இரண்டு சிக்னோராக்கள் இருந்தார்கள். மூக்குக்கு மேலே முதல் முறை ஜனாதிபதி. பிறகு தோல்வி, தோற்கவே இல்லை என்ற பிடிவாதம், அமெரிக்க நாடாளுமன்றக் கட்டிடத்துக்குள் புகுந்த கூட்டம். நெற்றிக்கு வழக்குகள். அந்தக் கட்டு பெரிதாக இருந்ததால் நெற்றி கொஞ்சம் தடித்துவிட்டது. வலது காதில் துப்பாக்கிச் சூடு. உச்சியில் மறுபடியும் ஜனாதிபதி. தலைமயிருக்குப் பல்லரோ சந்தையில் நம்மவர் கடையில் தரை கூட்டும் தும்புத்தடி வாங்கி, பிரித்து, மஞ்சள் சாயத்தில் ஊறப்போட்டேன். அசலாக இருந்தது.

2. கோபம்

தலையைக் கேட்டிருந்தது பலெர்மோவுக்கு வெளியே, மலைப்பக்கத்துச் சின்ன ஊர் ஒன்றின் கர்னெவாலே கமிட்டி. கமிட்டியில் இரண்டே பேரின் குரல்தான் கேட்கும். ஒருவர் மருந்துக்கடை நடத்தும் அம்மா, எல்லோருக்கும் அவர் தொத்தொரேஸ்ஸா. ஜனாதிபதியின் பெயரைக் கேட்டாலே அவருக்குப் பிரஷர் ஏறும். மற்றவர் இறைச்சிக்கடை சால்வோ. கடையில் மாதா படத்துக்குப் பக்கத்தில் ஜனாதிபதியின் படம் மாட்டியிருப்பவர்.

இவர்கள் எப்படி ஒரே தலைக்குச் சம்மதித்தார்கள் என்று நானும் யோசித்தேன். சம்மதித்ததற்குக் காரணம் கோபம். தலை கோபமாக இருக்க வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை.

"கோவமாய் முறைக்கவேணும். அப்பதான் ஆள் எவ்வளவு மோசம் எண்டு சனத்துக்கு விளங்கும்" என்றார் தொத்தொரேஸ்ஸா.

"ஓம் ஓம், முறைக்கவேணும். அப்பதான் ஆள் எவ்வளவு பலசாலி எண்டு விளங்கும்" என்றார் சால்வோ.

மாஸ்த்ரோ என்னைத் தனியே கூப்பிட்டார். "இந்தத் தலையை அவை ஏற்றால் உனக்கு இன்னும் ஒரு வருசத்துக்கு வேலைக் கொன்ட்ராத்தோ எழுதுவன். ஏற்காட்டில் பட்டறையைப் பூட்டவேண்டியதுதான். வேற ஓடர் இல்லை."

கர்னெவாலே முடிந்த அடுத்த மாதம் என் பெர்மெஸ்ஸோவை, அதாவது வதிவிட அனுமதியை, புதுப்பிக்க வேண்டும். குவெஸ்தூராவில் உட்கார்ந்திருக்கும் பொலிஸ்காரர் முதலில் கேட்பது வேலைக் கொன்ட்ராத்தோவைத்தான். அது இல்லாவிட்டால் இந்த நாட்டில் நான் இருப்பதற்குக் காரணமே இல்லை என்று அர்த்தம். ஆக, அமெரிக்க ஜனாதிபதி கோபப்பட்டால்தான் நான் இத்தாலியில் இருக்கலாம்.

3. கண்

கண் எப்போதும் மாஸ்த்ரோ வரைவது. கடைசியாக வரைவது. அந்த முறை ஏணியால் விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார்.

"நீ வரை" என்றார்.

நான் அதுவரை கண் வரைந்தது எங்கள் கோவிலில் மட்டும்தான். மன்னாரிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்த நாங்கள் இங்கே ஒரு மாதா கோவிலில் சேர்ந்து திருநாள் கொண்டாடுகிறோம். சுற்றுப்பிரகாரத்துக்கு முன்பு மாதாவின் சொரூபத்துக்கு நான்தான் வர்ணம் பூசுவேன். சொரூபத்தைத் தோளில் உயரத் தூக்குவதால் கண்மணி கொஞ்சம் கீழே பார்க்க வேண்டும். மேலிமை பாதி இறங்க வேண்டும். அப்போதுதான் கீழே நிற்கிறவருக்குத் தன்னைப் பார்ப்பது போல இருக்கும்.

ஜனாதிபதியும் உயரத்தில்தான் போகிறார், சனம் கீழேதான் நிற்கிறது. கைக்குத் தெரிந்தது அந்தக் கண் ஒன்றுதான். அதையே வரைந்தேன். புருவத்தை நன்றாக நெரித்து, வாயைக் கோணலாக்கி, கோபத்துக்குச் செய்ய வேண்டியது எல்லாம் செய்தேன். சாரத்தால் இறங்கி நிமிர்ந்து பார்த்தேன். ஜனாதிபதி என்னை இரக்கத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார். "பிள்ளை, என்ன கஷ்டம் உனக்கு?" என்று கேட்பது போல.

மறுநாள் கமிட்டி வந்தது.

"இதென்ன? இந்த மனிசனைப் புனிதனாக்கிப் போட்டியள்!" தொத்தொரேஸ்ஸா கத்தினார்.

"இதென்ன? இந்த மனிசனைப் பொம்பிளைப்பிள்ளை மாதிரி ஆக்கிப் போட்டியள்!" சால்வோ அதைவிடப் பெரிதாகக் கத்தினார்.

இருவரும் மறுபடியும் ஒரே கருத்துக்கு வந்தார்கள். தலை வேண்டாம்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன். "இஞ்சாருங்கோ, போய்க் கண்ணை மாத்திப்போட்டு வாங்கோ. அந்தாளுக்கு உங்கட இரக்கம் ஒண்டும் தேவையில்லை. எங்களுக்குத்தான் விசாப் பேப்பர் தேவை" என்றாள். அவள் சொன்னது முழுக்கச் சரி.

ஆனால் அன்றிலிருந்து மழையும் ஈரக்காற்றும். அடித்த வர்ணம் காயவில்லை. ஈரத்துக்கு மேல் இன்னொரு பூச்சு அடித்தால் கன்னத்தில் வழியும்.

"விடு. இரங்கினால் ஏதும் சொல்லிச் சமாளிக்கலாம். அழுதால் எங்கட கதை முடிஞ்சுது" என்றார் மாஸ்த்ரோ.

ஊர்வலத்துக்கு வேறு தலை இல்லாததால் கமிட்டி வேறு வழியில்லாமல் அதையே ஏற்றிப் போகச் சொன்னது. முடிவை ஊர்வலம் முடிந்தபிறகு சொல்வார்களாம்.

4. ஊர்வலம்

ஊர்தியில் ஏற்றிய தலைக்குள்ளே ஒரு பலகையில் குந்தியிருந்தது நான். கையில் இரண்டு கயிறு. ஒன்று வாய்க்கு. அதை இழுத்தால் ஜனாதிபதி கத்துவார். மற்றது கழுத்துக்கு. குறுக்கே மின்கம்பி வரும் இடங்களில் தலையைக் குனியவைக்க.

ஊருக்குள் நுழைந்ததும் சிரிப்புச் சத்தம் குறைந்துபோனது. வாய் வழியே எட்டிப் பார்த்தேன். சனம் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றது. இரண்டொருவர் சிலுவை அடையாளம் போட்டார்கள், பழக்கதோஷம். "கத்து, கத்து!" என்று தொத்தொரேஸ்ஸா கீழே இருந்து சைகை காட்டினார். கத்தினேன். அந்தக் கண்ணுக்கு அது கொட்டாவி போலத்தான் இருந்திருக்கும்.

கோவில் முன்றலில் ஊர்தி நின்றபோது ஒரு பெண் முன்னால் வந்தார். அறுபது வயதிருக்கும். விளையாட்டாகத்தான் தொடங்கினார் என்று நினைக்கிறேன்.

"என்ர ராசா, ஒண்டு கேக்கிறன். என்ர மகன் அங்கை உன்ர நாட்டிலை பீட்சாக் கடையிலை நிக்கிறான். பேப்பர் இல்லை. ஒருத்தருக்கும் கரைச்சல் குடுக்காத பிள்ளை. அவனைப் பிடிச்சு அனுப்பிப்போடாதை." கடைசிச் சொல்லில் குரல் உடைந்துவிட்டது. பக்கத்தில் சிரித்துக்கொண்டு நின்றவர்களும் சிரிப்பை நிறுத்திவிட்டார்கள்.

அங்கே மின்கம்பி ஒன்றும் இல்லை. நான் கழுத்துக் கயிற்றை இழுத்தேன். அமெரிக்க ஜனாதிபதி மெல்லக் குனிந்து, அந்தத் தாயைப் பார்த்து, ஓம் என்று தலையாட்டினார்.

கைதட்டல் வெடித்தது. பிறகு என்னை யாரும் விடவில்லை. ஒருவர் பஸ் கேட்டார். ஒருவர் குழாயில் தண்ணீர் கேட்டார். ஒரு பெடியன் கணக்குச் சோதனையில் பாஸ் கேட்டான். ஜனாதிபதி எல்லாவற்றுக்கும் சம்மதித்தார்.

5. தீர்ப்பு

தொத்தொரேஸ்ஸா ஓடிவந்து மாஸ்த்ரோவின் உடையாத கையைப் பிடித்துக் குலுக்கினார். "என்ன நக்கல்! கேட்டதெல்லாம் தாறன் எண்டு தலையாட்டுறான், ஒண்டும் தரமாட்டான். இதைவிட நல்லாய் அவனை ஆரும் காட்டேலாது!"

அவர் போனதும் சால்வோ கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார். "பாத்தியளோ, சனம் அந்தாளை எப்பிடி நம்புது எண்டு?"

"அதுதான் எங்கட திட்டம்" என்று இரண்டு பேருக்கும் ஒரே பதிலைச் சொன்னார் மாஸ்த்ரோ. தலை ஏற்கப்பட்டது.

நான் தலையின் பிடரியில் இருந்த கதவால் இறங்கினேன். கீழே அந்தப் பெண் நின்றுகொண்டிருந்தார். ஜனாதிபதியின் தலையிலிருந்து வியர்வையில் குளித்த ஒரு மன்னார்க்காரன் இறங்கிவந்தால் அவருக்கு எப்படி இருக்கும் என்று எனக்கு வெட்கமாகிவிட்டது.

"மன்னியுங்கோ சிக்னோரா. தலையாட்டினது நான்தான்."

"ஆரோ உள்ளுக்கை இருக்கினம் எண்டு தெரியும். கடதாசித் தலை தானாய் ஆடுமே?" என்றார். "அவனுக்காக எத்தினை அரசாங்கக் கந்தோருக்குப் போயிட்டன். ஒருத்தர் நிமிந்து பாக்கேல்லை. நீ ஓம் எண்டாய். அது காணும்." போகத் திரும்பியவர் நின்று என்னை மேலும் கீழும் பார்த்தார். "உன்ர பேப்பர் சரியோ?"

"இன்னும் இல்லை. வாற மாசம்."

அவர் என் கையைப் பிடித்து, ஓம் ஓம் என்று தலையாட்டினார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

கொன்ட்ராத்தோ கிடைத்தது, பெர்மெஸ்ஸோவும் கிடைத்தது. அவருடைய மகனுக்கு என்ன நடந்தது என்று இதுவரை தெரியாது. இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். உயரத்தில் ஏற்றுகிற தலைக்குக் கண் கீழே பார்க்க வேண்டும், கழுத்து இலகுவாகக் குனிய வேண்டும். உண்மையான தலைகளுக்கு இதை யார் செய்வது என்று என்னிடம் கேட்காதீர்கள். எங்கள் பட்டறையில் கடதாசித் தலைகள் மட்டும்தான் செய்கிறோம்.