சின்னச் சத்தத்துக்குப் பயந்தவர்

மகாவலி ஆறு பெருகிக் கட்டுகஸ்தோட்டைக் கடைகளுக்குள் தண்ணீர் வந்ததே, என் நல்ல குடைகூட அதில்தான் போனது, அதற்கடுத்த வெயில் காலம். மூச்சு முட்டுகிற என் மனைவிக்காக மகன் பூட்டித் தந்த ஏசி சத்தம் போடத் தொடங்கியது. திருத்த வந்தவர் அலவத்துகொட ஆள். ஒல்லி, காதோரம் மட்டும் நரை. ஏசியைத் தொடுமுன் சத்தத்தை வாயால் செய்து காட்டச் சொல்வது அவர் வழக்கம்.

நான் ரயில் போகிற மாதிரி "கட கட கட" என்றேன்.

"ஆணி லூசாகி ஈக்கும். நீங்க கோச்சி ஓட்டுறீங்களே, ஐயா!" என்று சிரித்தார்.

கட்டிலில் படுத்திருந்த மனைவி, "சில நேரம் கடுகு பொரியிற மாதிரியும் கேக்குது, தம்பி" என்றாள்.

அவர் சிரிப்பு நின்றது. ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைத்தார். மூடியைக் கழற்றினால் உள்ளே வயர் கருகி உருகியிருந்தது. நேர் கீழே அவள் தலையணை.

"எத்தன நாளா?"

"ஒரு கிழமையா, ஏழெட்டு நாள் இருக்கும்" என்றாள்.

"பெரிய சத்தம்னா என்னக் கூப்பிடுங்க. இந்தக் கடுகுச் சத்தம்னா மொதல்ல மெயின ஓஃப் பண்ணுங்க, பொறகு கூப்பிடுங்க."

சொல்லிவிட்டு, அணைத்த மெயின் சுவிட்சை இன்னொரு தரம் போய்ப் பார்த்து வந்தார். இதற்கு முன் எந்த வீட்டில் எதைக் கண்டாரோ, கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. ஏசி வைத்திருக்கிறவர்களைக் கண்டால், அவர் சொன்னதை மறக்காமல் சொல்லிவிடுங்கள்.