ரேடியேட்டரை மறைத்த என் பெயர்

அறுபதுகளின் கடைசியில் நான் பஞ்சாயத்து யூனியன் சேர்மனானேன். பழைய கார் ஒன்றை வாங்கி, என் பெயரையும் பி.ஏ. பட்டத்தையும் எழுதிய அகலமான பலகையை அதன் முன்பக்கம் கட்டினேன். சேலத்திலிருந்து திரும்பும்போது தொப்பூர் ஏற்றத்தில் என்ஜின் கொதித்து வண்டி நின்றது.

டிரைவர் காதர் இறங்கிப் பார்த்தார். “பலகை ரேடியேட்டர மறைக்குதுங்க. காத்தே போகல. அவுத்துடலாங்க.”

“ஏய்யா, என் பேரு உன் கண்ண உறுத்துதா? தண்ணி ஊத்தாம வந்துட்டுப் பலகை மேல பழி போடுறியா? மூடியத் தொற.”

“ஆறட்டுங்க. இப்பத் தொறந்தா மூஞ்சில அடிக்கும்.”

“பயமா இருந்தா சாவியக் குடுத்துட்டு வூட்டுக்குப் போ. நாளைக்கே வேற ஆளு வருவான்.”

அவருக்கு ஐந்து பிள்ளைகள். துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு மூடியைத் திருகினார். கொதிநீர் பீறிட்டு முகத்தில் அடித்தது. இரண்டு கண்களும் போயின.

மறுநாள் மெக்கானிக் பலகையை அவிழ்த்ததும் வண்டி நிற்காமல் மேடேறியது. ஆனாலும், காதர் அவசரப்பட்டுத் தானாகவே திறந்ததாக எல்லோரிடமும் சொன்னேன். ஆஸ்பத்திரியில் அவர் அதை மறுக்கவில்லை. அவர் மனைவி என் முன்னால் கைகூப்பினார்.

“அவசரப்பட்டுட்டாருங்க. மன்னிச்சுக்கங்க.”

“பரவால்ல, போம்மா” என்றேன்.

அவர்கள் இருவரும் இன்று உயிரோடு இல்லை. அதனால்தான் இதை எழுத எனக்குத் துணிச்சல் வந்திருக்கிறது.