இரண்டு கொமாக்களுக்கு நடுவே

இன்று காலை பக்கத்து மேசைக்காரி தன் நிரலைப் பார்த்துச் சலித்துக்கொண்டாள். பிரித்த சொற்களுக்கிடையே ஒன்றுமில்லாத துண்டுகள் வருகின்றனவாம். "எல்லாத்தையும் எறிஞ்சுவிடப்போறன்" என்றாள். எனக்கு உடனே மண்ணெண்ணெய்ப் புகை மணத்தது. ஏனென்று கேட்காதீர்கள்; என் மூக்கு அப்படித்தான்.

யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாமற்போன காலத்தில், நிவாரணப் பட்டியல் அடிக்கும் அலுவலகம் ஒன்றில் வேலை செய்தேன். மண்ணெண்ணெய் ஊற்றிய ஜெனரேட்டரில்தான் கொம்பியூட்டர் ஓடும். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அம்மா பெருவிரலை மையில் தோய்ப்பவர். என் மிதப்பைக் கேட்கவே வேண்டாம்.

ஒவ்வொரு குடும்பமும் படிவத்தில் ஒரு வரியில் பெயர்களையும் அடுத்த வரியில் வயதுகளையும் கொமா போட்டு எழுதித் தரும்; நான் அதைக் கொம்பியூட்டரில் தட்டுவேன். கொமாவோ இடைவெளியோ, ஒன்றோ பலவோ, எங்கே வந்தாலும் வெட்டு என்று நிரலில் ஒரு வரி, ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்பார்கள், எழுதியிருந்தேன். வெட்டிய துண்டுகளை நிரல் வரிசையாக எடுத்து, முதலாவது பெயருக்கு முதல் வயது, இரண்டாவதுக்கு இரண்டாவது என்று சோடி சேர்க்கும். அழகான வரி. அம்மாவுக்குக்கூட வாசித்துக் காட்டினேன். "நல்லாயிருக்கு, செபம் மாதிரிக் கிடக்கு" என்றார்.

பட்டியலைச் சுவரில் ஒட்டிய அன்று குருநகரிலிருந்து பிலோமினா அக்கா வந்தார், எங்கள் ஒழுங்கையில் நாலு வீடு தள்ளி இருப்பவர்.

"பிள்ளை, உன்ரை மிஷின் என்ரை பன்ரண்டு வயசுப் பெட்டைக்கு நாப்பத்தொண்டு போட்டிருக்கு. மாப்பிள்ளையும் அதுவே பாக்குமோ? சின்னவனுக்கு ஒன்பதெண்டு எழுதினன், பன்ரண்டாம். அவன்ரை பால்மா போச்சு."

பத்து வயதுக்குக் கீழேதான் பால்மா. படிவத்தைப் புரட்டினேன். அவருடைய பெயருக்கும் மகளின் பெயருக்கும் நடுவே இரண்டு கொமாக்கள், இடையில் ஒன்றுமில்லை. கீழ்வரியில் அந்த இடத்துக்கு வயது மட்டும் இருந்தது: 41.

"ஒரு பேர் விட்டுப்போச்சு, அக்கா."

"போகேல்லை. நான்தான் விட்டனான். மனுசன் கடலுக்குப் போய் எட்டு மாசம். எழுதினா ஆளைக் காட்டெண்டுவினம். இடம் விடாமல் அடுத்த ஆளை எழுதினா, அவர் இல்லையெண்டு நானே சொன்ன மாதிரி."

எங்கள் கரையில் சிலர் இப்படி எழுதுவது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே 'பலவோ' என்று எழுதி அந்த மனிதரை விழுங்கிவிட்டேன்.

"அந்த நாப்பத்தொண்டை எடுத்துவிடு தங்கச்சி, எல்லாம் சரிவரும்" என்றார் அலுவலகப் பொறுப்பாளர். "மண்ணெண்ணெய் இன்னும் ஒருக்கா அச்சடிக்கத்தான் காணும்."

உண்மைதான்; சின்னவனுக்குப் பால்மா கிடைத்துவிடும். அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். எது சரியென்று எனக்குப் பிடிபடவில்லை. 'பலவோ'வை அழித்து, ஒவ்வொரு கொமாவிலும் வெட்டச் சொன்னேன். பதினொரு வெற்றிடங்கள் வந்தன. எது ஆள், எது என் விரல் பிசகு? கொம்பியூட்டருக்கு இரண்டும் ஒன்று. படிவங்களை ஒவ்வொன்றாக எடுத்து ஒப்பிட்டேன். ஏழு என் பிசகு. மற்ற நான்கையும் வெறுமையாகவே அச்சடித்தேன்.

நிவாரணம் கொடுத்த அன்று கிளாக்கர் அந்த இடத்தில் விரலை வைத்தார்.

"இதார்?"

"என்ரை மனுசன்."

"பேர்?"

"வந்து சொல்லுவார்" என்றார் பிலோமினா அக்கா.

கிளாக்கர் பால்மாவை நீட்டினார்.

பிறகு ஊரே இடம்பெயர்ந்தபோது அந்த அலுவலகமும் பட்டியல்களும் போயின. அக்கா எந்தப் பக்கம் போனார் என்று இன்றுவரை தெரியவில்லை. இப்போது நான் செய்யும் படிவங்களில் பெயர்க் கட்டத்தை வெறுமையாக விட்டால் அடுத்த பக்கம் திறக்காது. அப்படித்தான் இருக்க வேண்டுமாம். அக்கா அதில் என்னதான் எழுதியிருப்பார்?